முதலில் முன் சக்கரம், அப்புறம் பெயின்ட்

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது உட்கார்ந்து படியுங்கள். வீட்டில் பழைய கார் வைத்திருப்பவர்களும், ஆசைப்பட்டு வாங்கப் போகிறவர்களும் கட்டாயம் படியுங்கள்.

இப்போதெல்லாம் எனக்கு வருகிற போன்களில் ஒரு புது வகை சேர்ந்திருக்கிறது. "சார், தாத்தாவோட ஸ்டாண்டர்ட் ஹெரால்டு ஷெட்டுல கிடக்கு, சரி பண்ணலாம்னு இருக்கேன்." "சார், கோவில்பட்டியில ஒரு பழைய பியட் வந்திருக்கு, வாங்கலாமா?" பிள்ளைகள் துபாயிலும் சிங்கப்பூரிலும் நன்றாகச் சம்பாதிக்கிறார்கள். அப்பா ஓட்டிய வண்டியைத் திரும்ப ஓட்ட வைக்க வேண்டும் என்று நினைக்கிறார்கள். அந்த மனசு எனக்குப் பிடிக்கும். பழசு என்றாலே பாரம் என்று தூக்கி எறிகிற காலத்தில் இது நல்ல குணம்.

ஆனால் போனில் அடுத்து வருகிற கேள்வி அநேகமாக எல்லோரிடமும் ஒன்றுதான். "பெயின்ட் எங்கே நல்லா அடிப்பாங்க சார்?" அதற்கு அடுத்தது சீட் கவர். அதற்கு அடுத்தது குரோமியம் பூச்சு, பாட்டுப் பெட்டி. கிங்பின் எப்படி இருக்கிறது, ஸ்டியரிங்கில் எவ்வளவு ஆட்டம் இருக்கிறது என்று இதுவரை ஒருவர்கூடத் தானாகக் கேட்டதில்லை.

என் கருத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். பழைய காருக்குச் செலவழிக்கிற முதல் ரூபாய் முன் அச்சுக்கும் ஸ்டியரிங்குக்கும் போக வேண்டும். அதற்கு அடுத்தது பிரேக். இவை முடியாமல் பெயின்ட் அடிப்பது, அஸ்திவாரம் விரிசல் விட்ட வீட்டுக்கு வெள்ளை அடிக்கிற மாதிரி. இதில் நான் யாருக்காகவும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்? என்ஜின் நின்றால் வண்டி நிற்கும், அவ்வளவுதான். கியர் விழவில்லை என்றால் ஓரமாகத் தள்ளிவிடலாம். பிரேக் போனால்கூட கைப்பிரேக் என்று ஒன்று மிச்சம் இருக்கிறது. முன் சக்கரம் மடங்கினால் ஓட்டுகிறவர் கையில் எதுவுமே மிச்சம் இல்லை. ஸ்டியரிங் வளையம் கையில் இருக்கும், சக்கரம் அதன் பேச்சைக் கேட்காது.

இப்போது கொஞ்சம் பாடம். பயப்பட வேண்டாம், பரீட்சை கிடையாது.

பழைய கார், ஜீப், லாரி எல்லாவற்றிலும் முன் சக்கரம் ஏதோ ஒரு செங்குத்தான அச்சைச் சுற்றித்தான் இடமும் வலமும் திரும்ப வேண்டும். ஒரே நீள இரும்பு அச்சு உள்ள வண்டிகளில் அந்த அச்சின் நுனியில் ஒரு துளை இருக்கும். அதில் கிங்பின் என்கிற தடித்த எஃகு முளை இறங்கியிருக்கும். அதைச் சுற்றி ஸ்டப் ஆக்சில் திரும்பும். முளை அச்சில் அசையாமல் நிற்க ஒரு ஆப்பு உண்டு. ஸ்டப் ஆக்சிலின் மேலும் கீழும் வெண்கல புஷ்கள். வண்டியின் பாரத்தைத் தாங்க இடையில் ஒரு பேரிங். பியட் 1100, அதன் பிறகு வந்த பிரீமியர் பத்மினி ஆகியவற்றில் சக்கரங்கள் தனித்தனியாக மேலும் கீழும் ஆடினாலும், திரும்புவதற்குக் கிங்பின்தான். இந்த புஷ்ஷுக்கும் முளைக்கும் நடுவில் கிரீஸ் இருக்கிறவரை பிரச்சினை இல்லை. கிரீஸ் வற்றி, மண்ணும் தண்ணீரும் உள்ளே போனால் தேயும்.

"சார், அரை மில்லிமீட்டர் தேய்ஞ்சிருக்கு, அவ்வளவுதானே?" என்று கேட்பார்கள். ஒன்பதாம் வகுப்புக் கணக்கு போதும். மேல் புஷ்ஷுக்கும் கீழ் புஷ்ஷுக்கும் இடையே 12.5 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். டயரின் விட்டம் 65 செ.மீ. அதாவது 5.2 மடங்கு. அப்படியானால் புஷ்ஷில் அரை மி.மீ. ஆட்டம், டயர் விளிம்பில் 2.6 மி.மீ. ஆட்டமாக வெளிவரும். இதோடு டை ராடு முனைகளில் கொஞ்சம், ஸ்டியரிங் பெட்டியில் கொஞ்சம், வீல் பேரிங்கில் கொஞ்சம். எல்லாம் சேர்ந்தால் நீங்கள் வளையத்தைத் திருப்பி, சக்கரம் அதை உணர்வதற்குள் எதிரே வருகிற லாரி பக்கத்தில் வந்திருக்கும். ஏதோ ஒரு வேகத்தில் முன் சக்கரம் இரண்டும் படபடவென்று உதறும். அந்த வேகத்தைத் தாண்டினால் நின்றுவிடும். அதுதான் நான் கரும்பலகையில் ஊசல் படம் போட்டுச் சொல்லிக்கொடுத்த ஒத்ததிர்வு. "அந்த வேகத்துல மட்டும்தான் சார் உதறும், நான் தாண்டிப் போயிடுவேன்" என்று ஒருவர் பெருமையாகச் சொன்னார். உதறல் என்பது வண்டி உங்களிடம் போடுகிற மனு. அதைத் தாண்டிப் போகக் கூடாது, வாங்கிப் படிக்க வேண்டும்.

இனி ஹெரால்டு விஷயத்துக்கு வருகிறேன். நம் மாநிலத்துப் பிள்ளைகளுக்கு இது முக்கியம், ஏனென்றால் இது சென்னையில் செய்த வண்டி. 1948-இல் சென்னையில் தொடங்கிய ஸ்டாண்டர்ட் மோட்டார் பிராடக்ட்ஸ் கம்பெனி 1961-இலிருந்து ஹெரால்டைத் தயாரித்தது. இங்கிலாந்தில் 1959-இல் டிரையம்ப் ஹெரால்டு என்று வந்ததுதான் இங்கே ஸ்டாண்டர்ட் ஹெரால்டு. வடிவமைத்தவர் இத்தாலிக்காரரான ஜியோவானி மிக்கெலோட்டி. சுமார் 25 அடி வட்டத்துக்குள் முழுதாகத் திரும்பிவிடும். கீழரத வீதியில் சந்துக்குள் ஒரே திருப்பில் திரும்பும் வண்டி என்று அந்தக் காலத்தில் இதற்குப் பெயர். இன்று ஓடுகிற எந்த ஹெரால்டும் 50 வயதைத் தாண்டியதுதான்.

அந்தத் திருப்பத்துக்குப் பின்னால் ஒரு சங்கதி இருக்கிறது. ஹெரால்டில் மேலே பால் ஜாயின்ட், கீழே டிரனியன் என்கிற ஒரு வெண்கலக் கட்டை. சக்கரத்தைத் தாங்குகிற செங்குத்தான எஃகுத் தண்டின் கீழ்முனை மரை போட்டது. அது இந்த வெண்கலக் கட்டைக்குள் போல்ட்டு மாதிரி இறங்கியிருக்கும். நீங்கள் ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் அந்த மரை உள்ளே திரும்புகிறது. வண்டியின் முன்பாரம் முழுக்க அந்த மரை வழியாகத்தான் போகிறது. இதே அமைப்பைத்தான் லோட்டஸ் எலான் என்கிற புகழ்பெற்ற பந்தயக் குணமுள்ள காரிலும் எடுத்துப் போட்டார்கள். ஆக, அமைப்பில் கோளாறு இல்லை. பராமரிப்பில்தான் எல்லாமே இருக்கிறது.

அந்த டிரனியனுக்கு ஊற்ற வேண்டியது கிரீஸ் அல்ல. கியர் பெட்டிக்கு ஊற்றுகிற 90-ஆம் நம்பர் கெட்டி எண்ணெய். மேலே கசிந்து வருகிறவரை அடிக்க வேண்டும். ஆனால் பட்டறைகளில் என்ன நடக்கிறது? ஒரு நிப்பிளைப் பார்த்தவுடன் கிரீஸ் கன்னை எடுத்து அடித்துவிடுகிறார்கள். கிரீஸ் மரையின் பள்ளங்களில் கீழே வரை இறங்காது. நாளாக ஆக இறுகி, வழியை அடைத்துக்கொள்ளும். கீழே தேங்குகிற தண்ணீர் அங்கேயே இருந்து எஃகை அரிக்கும். மரையின் அடிப்பள்ளத்தில் மயிரிழை மாதிரி ஒரு விரிசல் விழும். பிறகு ஒருநாள் தண்டு முறிந்து சக்கரம் வெளிப்பக்கமாக மடங்கி உட்கார்ந்துவிடும்.

இது எந்த ஊர் ஹெரால்டுக்கும் ஆபத்து. நம் ஊர் ஹெரால்டுக்கு இரட்டை ஆபத்து. பத்தாம் வகுப்பில் மின்கலம் பாடம் நினைவிருக்கிறதா? இரண்டு வேறு உலோகம், நடுவில் ஒரு மின்பகுளி. வெண்கலக் கட்டைக்குள் எஃகு மரை, நடுவில் உப்புத் தண்ணீர். இந்தச் சோடியில் கரைந்துபோவது எஃகுதான். தூத்துக்குடியில் உப்புத் தண்ணீருக்குப் பஞ்சமா? ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் உப்பளம். கடற்காற்று அடிக்கும்போது ஜன்னல் கம்பியைத் தொட்டு நாக்கில் வைத்தால் கரிக்கும். உப்பு ஏற்றிய லாரி சொட்டிக்கொண்டே போன சாலையில் பின்னால் போகிற வண்டியின் அடிவயிறு முழுக்க உப்புநீர். வீட்டு கிரில்லே சில வருடங்களில் செதில் செதிலாக உதிர்கிற ஊரில், 50 வருடத்து எஃகுத் தண்டு மட்டும் சும்மா இருக்குமா?

விசைப்படகு வைத்திருக்கிற நம் ஆட்கள் இதை எனக்குச் சொல்லித்தரலாம். படகின் அடியில் துத்தநாகக் கட்டி எதற்குப் பொருத்துகிறார்கள்? வெண்கலமும் எஃகும் கடல்நீரில் ஒன்றாக இருந்தால் எது சாகும் என்று அவர்களுக்குத் தெரியும். அதனால்தான் சாகட்டும் என்று துத்தநாகத்தைக் கொடுத்து மற்றதைக் காப்பாற்றுகிறார்கள். காருக்கு அந்த வசதி இல்லை. எண்ணெய்தான் அதன் துத்தநாகம்.

சில வருடங்களுக்கு முன் ஒரு கல்யாணத்தில் நான் நேரில் பார்த்ததைச் சொல்கிறேன். பளபளவென்று பெயின்ட் அடித்த பழைய கார், பூ அலங்காரம், உள்ளே மாப்பிள்ளையும் தோழனும். ஊர்வலம் மண்டபத்துக்குள் நுழைய, டிரைவர் ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்துத் திருப்பினார். நடை வேகம்தான். வலது முன் சக்கரம் மடங்கி, மட்கார்டு தரையில் உட்கார்ந்தது. யாருக்கும் அடி இல்லை. மாப்பிள்ளை சிரித்துக்கொண்டே இறங்கி நடந்தார். எல்லோரும் திருஷ்டி கழிந்தது என்றார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இருபது நிமிடம் முன்னால் அதே வண்டி புறவழிச்சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவில் வந்திருக்கிறது. அங்கே மடங்கியிருந்தால் திருஷ்டி கழிந்திருக்காது. அந்த வண்டிக்கு ஒன்றரை லட்சம் கொடுத்து பெயின்ட் அடித்ததாகச் சொந்தக்காரர் வருத்தத்தோடு சொன்னார். முன் சக்கரத்தைப் பிரித்துப் பார்த்தீர்களா என்று கேட்டேன். "அது ஓடிட்டுதானே இருந்தது" என்றார்.

"ஓடிட்டுதானே இருக்கு" என்பது எந்த இயந்திரத்துக்கும் நல்ல சான்றிதழ் அல்ல. முறிகிற தண்டு முறிவதற்கு முந்தின நிமிடம் வரை ஓடிக்கொண்டுதான் இருக்கும்.

எனக்கு எதிராகச் சொல்லப்படுகிற நியாயங்களையும் பார்ப்போம்.

முதல் நியாயம்: "வருஷத்துக்கு நாலு தடவைதான் சார் எடுப்பேன். மெதுவாத்தான் போவேன்." மேலே சொன்ன கல்யாண வண்டியும் மெதுவாகத்தான் போனது. ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்து மெதுவாகத் திரும்பும்போதுதான் அந்த மூட்டுக்கு அதிக முறுக்கு. இன்னொன்று, ஓடுகிற வண்டியில் எண்ணெய் பரவிக்கொண்டாவது இருக்கும். நிற்கிற வண்டியில் தண்ணீர் ஒரே இடத்தில் உட்கார்ந்து தின்னும். வருடத்துக்கு நாலு தடவை ஓடுகிற வண்டிக்குத்தான் கவனிப்பு கூட வேண்டும்.

இரண்டாம் நியாயம்: "பழைய பாகத்தை மாத்தினா ஒரிஜினல் போயிடும். வின்டேஜ் நம்பர் கிடைக்காது." 2021 ஜூலையில் மத்திய அரசு பழம்பெரும் வண்டிகளுக்கென்று தனி விதி கொண்டுவந்தது. 50 வயது தாண்டிய, மூல வடிவம் மாறாத வண்டிக்கு வி.ஏ. என்ற எழுத்துகளோடு தனி எண். புதிய பதிவுக்கு 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000 ரூபாய். அந்த விதி தடுப்பது சேஸிஸையோ பாடியையோ என்ஜினையோ மாற்றி அமைப்பதை. தேய்ந்த புஷ்ஷை எடுத்துவிட்டு அதே அளவில் புது புஷ் போடுவது வண்டியை மாற்றுவது ஆகாது, வண்டியை அதன் மூல நிலைக்குக் கொண்டுவருவது. கம்பெனியிலிருந்து வந்த அன்று அந்த முளையில் ஆட்டம் இருந்ததா? இல்லையே. அப்படியென்றால் ஆட்டம்தான் ஒரிஜினல் இல்லாதது! அதோடு, அந்த வி.ஏ. எண் வாங்கிய வண்டியை வாடகைக்கோ அன்றாட ஓட்டத்துக்கோ எடுக்கக் கூடாது என்பதையும் கல்யாண வாடகைக் கணக்குப் போடுகிறவர்கள் கவனியுங்கள்.

மூன்றாம் நியாயம் எதிர்ப்பக்கத்திலிருந்து வருகிறது. "இவ்வளவு ஆபத்து என்றால் எடைக்குப் போட்டுவிட வேண்டியதுதானே? எதற்கு இந்தப் பழசு?" என் மருமகனே கேட்டார். அவருக்குச் சொன்ன பதிலையே இங்கேயும் சொல்கிறேன். பழைய வண்டியின் ஆபத்து அதன் வயதில் இல்லை, கவனிப்பு இல்லாததில் இருக்கிறது. அந்தக் காலத்து முன் அச்சு பிரித்துச் சரிசெய்வதற்காகவே கட்டப்பட்டது. புஷ்ஷைத் தட்டி எடுத்துப் புதுசு போடலாம், மரை தேய்ந்தால் மாற்றலாம், ஒவ்வொன்றையும் கண்ணால் பார்க்கலாம். இன்றைய பல பாகங்கள் மொத்தமாக மூடி வருகின்றன. ஒன்று போனால் முழுதையும் கழற்றி எறிய வேண்டியதுதான். சரிசெய்யக் கூடிய பொருளைச் சரிசெய்து வைத்துக்கொள்வது சிக்கனம் மட்டுமல்ல, ஒரு படிப்பு. ஆனால் சரிசெய்வதாக இருந்தால் சரியாகச் செய்ய வேண்டும். அந்தப் பொறுமையோ பணமோ இல்லையென்றால், மருமகன் சொல்வதுதான் சரி. வண்டியைச் செங்கல் மேல் ஏற்றி ஷெட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டிருங்கள். சாலைக்குக் கொண்டுவராதீர்கள்.

சரியாகச் செய்வது என்றால் என்ன? இங்கேதான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். அதனால் வரிசையாகச் சொல்கிறேன்.

ஒன்று, சோதனை. முன் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்குங்கள். ஜாக்கியை மட்டும் நம்ப வேண்டாம், கீழே ஸ்டாண்டு வையுங்கள். கடிகாரத்தில் 12, 6 இருக்கிற இடத்தில் டயரைப் பிடித்து உள்ளும் வெளியும் ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் ஒருவரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லிவிட்டுத் திரும்ப ஆட்டுங்கள். ஆட்டம் மறைந்தால் வீல் பேரிங். மறையவில்லை என்றால் கிங்பின் அல்லது கீழ் மேல் மூட்டுகள். பிறகு 9, 3 இருக்கிற இடத்தில் பிடித்து ஆட்டுங்கள். அங்கே தட்டினால் டை ராடு முனை அல்லது ஸ்டியரிங். ஐந்து நிமிட வேலை. வாங்குவதற்கு முன்னால் செய்தால் பேரம் பேசவும் உதவும்.

இரண்டு, விரிசல் சோதனை. இதை என் பழைய மாணவர்கள் ரசிப்பீர்கள். ஸ்டப் ஆக்சில், ஹெரால்டின் செங்குத்துத் தண்டு மாதிரிப் பாகங்களைக் கழற்றி, துருவும் கிரீஸும் போகச் சுத்தம் செய்து, மண்ணெண்ணெயில் ஊற விடுங்கள். எடுத்து நன்றாகத் துடைத்து, சாக்பீஸைப் பொடித்துப் பூசுங்கள். விரிசல் இருந்தால் உள்ளே போன மண்ணெண்ணெய் கசிந்து வெள்ளையில் கறுப்புக் கோடாகத் தெரியும். இன்று இதற்கென்றே சாயம் தெளித்துப் பார்க்கிற முறையும் காந்தச் சோதனையும் இருக்கின்றன. அவை கிடைத்தால் அவைதான் நல்லது. சாக்பீஸில் கோடு தெரிந்தால் அந்தப் பாகம் முடிந்தது. தெரியவில்லை என்பதற்காக நூற்றுக்கு நூறு நல்லது என்றும் அர்த்தமில்லை.

மூன்று, எதை நம் ஊரில் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது. வெண்கல புஷ் நம் ஊர் லேத் பட்டறையில் அழகாகச் செய்வார்கள். படகின் தண்டுக்கு புஷ் கடைந்து பழகிய கை அது. ஆனால் கிங்பின்னைக் கடையில் கிடைக்கிற சாதாரண இரும்புக் கம்பியில் கடைந்து போடக் கூடாது. கிங்பின் மேல்தோல் மட்டும் கடினமாகவும் உள்ளே வளைந்து தாங்குவதாகவும் பதப்படுத்தி, அதன் பிறகு அரைத்து அளவு எடுத்த எஃகு. சாதாரணக் கம்பி பார்க்க அதே மாதிரி இருக்கும், ஆறே மாதத்தில் தேயும். முறிந்த ஸ்டப் ஆக்சிலுக்கும் ஸ்டியரிங் கைக்கும் வெல்டிங் வைக்கவே கூடாது. வளைந்த அச்சைச் சிவக்கக் காய்ச்சி நிமிர்த்தக் கூடாது. அதன் பதம் போய்விடும். புஷ்ஷுக்குள் தகரத்தை வெட்டிச் சுற்றி ஆட்டத்தை மறைக்கிற வித்தையும், டை ராடு முனையைச் சுத்தியலால் தட்டி இறுக்குகிற வித்தையும் வண்டியை விற்கிறவரைதான் தாங்கும்.

நான்கு, புஷ் இறக்கியதோடு வேலை முடியவில்லை. மேல் புஷ், கீழ் புஷ் இரண்டையும் ஒரே நேர்கோட்டில் நீளமான ரீமரால் உரச வேண்டும். தனித்தனியாக உரசினால் முளை ஒரு பக்கம் இறுகி ஒரு பக்கம் தளர்ந்து நிற்கும். முளை கை அழுத்தத்தில் வழுக்கி இறங்க வேண்டும், தானாக விழக் கூடாது. புஷ்ஷின் எண்ணெய்த் துளையும் நிப்பிள் துளையும் நேராக இருக்க வேண்டும். இல்லையென்றால் நீங்கள் எத்தனை தடவை கிரீஸ் அடித்தாலும் உள்ளே ஒரு சொட்டுப் போகாது.

ஐந்து, ஹெரால்டு வைத்திருப்பவர்கள் ஸ்டியரிங் ராக்கைப் பிடித்திருக்கிற ரப்பர் கட்டைகளையும் பாருங்கள். என்ஜின் எண்ணெய் சொட்டிச் சொட்டி அவை கொழகொழத்துப் போயிருக்கும். வளையத்தைத் திருப்பினால் சக்கரத்துக்கு முன்னால் ராக்கே நகரும். விலை குறைந்த பாகம். அதை மாற்றாமல் பெரிய பாகங்களை மாற்றிவிட்டு "ஆட்டம் போகலியே" என்று புலம்புவார்கள்.

ஆறு, பாகம் வாங்குவது. சென்னையில் புதுப்பேட்டையிலும் ஜெனரல் பேட்டர்ஸ் சாலையிலும் தேடினால் பத்மினிக்கும் அம்பாசடருக்கும் இன்னும் கிடைக்கும். ஹெரால்டு டிரனியன் இங்கிலாந்தில் இன்றும் புதிதாகச் செய்து விற்கிறார்கள். இடப்பக்கமும் வலப்பக்கமும் மரை வேறு, மாற்றிப் போட முடியாது என்பதை நினைவில் வைத்து வாங்குங்கள். பழைய சாமான் கடையில் வாங்கிய எந்த எஃகுப் பாகத்தையும் விரிசல் சோதனை இல்லாமல் மாட்டாதீர்கள். அது எந்த விபத்திலிருந்து வந்தது என்று யாருக்கும் தெரியாது. முள்ளாணி எனப்படும் ஸ்பிளிட் பின்னைத் திரும்பப் பயன்படுத்தவே கூடாது. இரண்டு ரூபாய் சாமானில் உயிர் தொங்குகிறது.

எல்லாம் முடிந்த பிறகு வீல் அலைன்மென்ட். கடையில் இருக்கிற கம்ப்யூட்டரில் உங்கள் தாத்தா வண்டி இருக்காது. வண்டிக் கையேட்டின் அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்துக்கொண்டு போங்கள். அந்தத் தம்பி வேறு ஏதோ ஒரு காரின் அளவை வைத்துவிடாமல் பக்கத்திலேயே நில்லுங்கள்.

"இதெல்லாம் செய்ய ஆள் எங்கே சார்? பழைய மெக்கானிக்குகள் எல்லாம் போய்ச் சேர்ந்துவிட்டார்களே" என்பார்கள். இதை நான் பாதிதான் ஒத்துக்கொள்வேன். நம் ஊரில் துறைமுகம் இருக்கிறது. பகலும் இரவும் கன்டெய்னர் லாரிகள் போகின்றன. அந்த லாரி ஒவ்வொன்றின் முன்னாலும் இருப்பது என்ன? ஒரே நீள இரும்பு அச்சும் கிங்பின்னும்தான். பழைய காரில் காலாவதியானது என்று நீங்கள் நினைக்கிற அதே அமைப்பு லாரியில் இன்றும் உயிரோடு இருக்கிறது. புஷ் இறக்கி ரீமர் போடுகிற கைகள் புறவழிச்சாலைப் பட்டறைகளில் இருக்கின்றன. பத்தாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு அந்தப் பட்டறைகளுக்குப் போன என் மாணவர்கள் சிலர் இன்று அங்கே தலைமை மெக்கானிக். "படிக்காதவன்" என்று வீட்டில் பெயர் வாங்கிய பிள்ளைகள். பத்தில் ஒரு பங்கு மில்லிமீட்டரை விரல் நுனியில் உணர்கிறவனைப் படிக்காதவன் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

ஆகவே வண்டியை பளபளப்பாக்குகிற கடைக்குப் போவதற்கு முன்னால் இவர்களிடம் கொண்டுபோங்கள். கையேட்டையும் கூடவே கொடுங்கள். லாரி மெக்கானிக்குக்கு ஹெரால்டின் டிரனியனுக்கு எண்ணெய்தான், கிரீஸ் இல்லை என்பது தெரிந்திருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. அதைச் சொல்வது உங்கள் பொறுப்பு. நிப்பிள் பக்கத்தில் "90 ஆயில் மட்டும்" என்று பெயின்டில் எழுதியே வைத்துவிடுங்கள். இன்னொரு வேண்டுகோள். பெயின்ட் கடையில் சொன்ன விலைக்குத் தலையாட்டிவிட்டு, முன் அச்சைப் பிரித்து மூன்று நாள் மல்லாந்து படுத்து வேலை செய்த ஆளிடம் ஐந்நூறு ரூபாய்க்குப் பேரம் பேசாதீர்கள். எந்த வேலைக்குக் காசு கொடுக்கிறோமோ அந்த வேலைதான் அடுத்த தலைமுறைக்கு மிஞ்சும். நாம் பளபளப்புக்கு மட்டும் கொடுத்தால் பத்து வருடம் கழித்துப் பளபளப்புக்காரர்கள் மட்டும்தான் இருப்பார்கள்.

அரசுக்கும் ஒரு வார்த்தை. 15 வருடம் தாண்டிய சொந்தக் காரின் பதிவைப் புதுப்பிக்கும்போது வண்டியைக் காட்டத்தான் செய்கிறோம். அந்தச் சமயத்தில் முன் சக்கரத்தைத் தூக்கி, பிடித்து ஆட்டிப் பார்ப்பதைக் கட்டாயமாக்கினால் போதும். புகையும் விளக்கும் ஹாரனும் பார்ப்பது சரிதான். ஹாரன் அடிக்காத வண்டியைவிடத் திரும்பாத வண்டி ஆபத்தானது. கட்டணத்தை உயர்த்திப் பழைய வண்டியைச் சாலையிலிருந்து விரட்டுவது ஒரு வழி. கவனிக்கப்பட்ட பழைய வண்டியையும் கவனிக்கப்படாததையும் பிரித்துப் பார்ப்பது அதைவிட நியாயமான வழி. இரண்டுக்கும் ஒரே கட்டணம் என்றால், ஒழுங்காக வைத்திருப்பவனுக்கு என்ன மரியாதை?

மழைக்காலம் முடிந்து பொங்கலுக்கு ஊருக்கு வருகிற பிள்ளைகள் ஷெட்டில் கிடக்கிற வண்டியைத் துடைத்து, செல்ஃபி எடுத்து, ஒரு சுற்றுச் சுற்றலாம் என்று கிளம்புவீர்கள். திருச்செந்தூர் சாலையில் உங்கள் குழந்தைகளை ஏற்றிக்கொண்டு போவீர்கள். அதற்கு முன்னால் ஐந்து நிமிடம் செலவழித்து முன் சக்கரத்தைத் தூக்கி ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் சாவியை எடுத்து ஆணியில் மாட்டிவிட்டு, போட்டோ மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். சந்தேகமாக இருந்தால் எனக்குப் போன் செய்யுங்கள், வருகிறேன். நல்ல மெக்கானிக்கின் எண்ணும் தருகிறேன். பெயின்ட் பற்றி மட்டும் என்னிடம் கேட்காதீர்கள்.

எல்லோரும் நலமாக இருங்கள். இந்தப் பதிவைப் பழைய கார் வைத்திருக்கிற உங்கள் சொந்தக்காரர் ஒருவருக்காவது அனுப்புங்கள். மாற்றுக் கருத்து இருந்தால் கீழே எழுதுங்கள். வகுப்பில் மாதிரியே, காரணம் சொல்லி எழுதினால் பதில் எழுதுவேன்.